புங்கமரத்தடி மண்

உட்காருங்கள் தம்பி. சாம்பிள் வாங்குகிற ஜன்னல் இரண்டு மணிக்குத்தான் திறக்கும். தட்டிப் பயனில்லை. உள்ளே இருக்கிற பெண் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாயிற்று. இனி யார் வந்து தட்டினாலும் மோர்சாதம் முடியாமல் எழுந்திருக்க மாட்டாள். எனக்குத் தெரியும். இருபத்தாறு வருடம் அந்த ஜன்னலுக்கு உள்பக்கம் இருந்தவன் நான். இப்போது ஸ்டோரில் போட்டிருக்கிறார்கள். காலி பாட்டில் கழுவி அடுக்குகிற வேலை. ஓய்வுக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது.

அது மண்தானே? என்ன பயிர், பருத்தியா? பையை இறுக்கிக் கட்டியிருக்கிறீர்கள், உள்ளே வேர்த்திருக்கிறது பாருங்கள். கொஞ்சம் அவிழ்த்து விடுங்கள். ஈரம் கோத்துக்கொண்டால் சல்லடையில் இறங்காது.

ரிப்போர்ட்டை நம்பலாமா என்று கேட்கிறீர்கள். இந்த பெஞ்சில் உட்கார்ந்து எத்தனையோ பேர் எவ்வளவு நாளாகும் என்று கேட்டிருக்கிறார்கள். நம்பலாமா என்று கேட்டது நீங்கள்தான். நம்பலாம். இங்கே யாரும் பொய் எழுதுவதில்லை. நானும் எழுதியதில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மண்ணில் களைக்கொல்லி இருக்கிறதா என்று பார்க்க உள்ளே என்ன செய்கிறோம் தெரியுமா? மண்ணை நிழலில் உலர்த்திச் சலித்து, ஐம்பது கிராம் நிறுத்து, மெத்தனால் ஊற்றி ஒரு மணி நேரம் குலுக்குவோம். களைக்கொல்லி மண்ணை விட்டு மெத்தனாலுக்கு வரும். சும்மா வராது. நம் கரிசல் மண் இருக்கிறதே, பிடித்ததை விடாது. அதனால் இரண்டாவது தடவை, மூன்றாவது தடவை புதிதாக ஊற்றிக் குலுக்க வேண்டும். எல்லாவற்றையும் வடிகட்டிச் சேர்த்து, உப்புத் தண்ணீர் கலந்து, பிரிபுனல் என்கிற, அடியில் திருகு வைத்த கண்ணாடிக் குடுவையில் விட்டு, டி.சி.எம். என்று ஒரு கரைப்பான், அதை ஊற்றுவோம். தண்ணீரைவிட கனமானது, கீழே போய் நிற்கும். மூடியை அழுத்திப் பிடித்துக் கவிழ்த்துக் குலுக்கி, திருகை லேசாகத் திறந்தால் புஸ்ஸென்று காற்று போகும். போகவிடாமல் குலுக்கினால் மூடி தெறித்து மூஞ்சியில் அடிக்கும். மருந்து மொத்தமும் கீழே நிற்கிறதில் இறங்கிவிடும். அதை மட்டும் பிரித்து, ஆவியாக்கி, கடைசியில் ஒரு சொட்டு மிஞ்சும். ஒரு ஏக்கர் பாவமும் அந்தச் சொட்டில் இருக்கும். அந்தச் சொட்டை மெஷினுக்குக் கொடுத்தால் திரையில் கோடு ஓடும். மருந்து இருந்தால் அதன் இடத்தில் கோபுரம் மாதிரி எழும்பும். கோபுரம் எவ்வளவு உயரமோ மருந்து அவ்வளவு.

இதில் சொட்டு வரைக்கும் என் கை. மெஷின் மட்டும்தான் படித்தவர்கள் கை. என் கையில் ஒரு துளி சிந்தியது என்று யாரும் சொல்லட்டும், இப்போதே காதை அறுத்துத் தருகிறேன்.

இன்னொன்று உண்டு. பிளாங்க். மருந்தே படாத சுத்தமான மண்ணை எடுத்து, அதற்கும் இதே வேலையை எல்லாம் செய்வோம். எதற்கு? கண்ணாடியிலும் மெத்தனாலிலும் ஏதாவது அழுக்கு இருந்தால் அதிலும் வருமில்லையா. அதில் வருவதை உங்கள் மண்ணில் வருவதிலிருந்து கழித்துவிடுவோம். மிச்சம்தான் ரிப்போர்ட். அந்தச் சுத்தமான மண்ணை நான் எங்கே எடுப்பேன் என்றால், பின்னால் ஜெனரேட்டர் கொட்டகை தாண்டி ஒரு புங்கமரம் நிற்கிறது பாருங்கள், அதனடியில். இருபத்தாறு வருடமும் அங்கேதான். அங்கே யாரும் எதுவும் நட்டதில்லை, அடித்ததில்லை. ஒரு வாளி எடுத்து வைத்தால் இரண்டு மாதத்துக்கு வரும்.

போன ஐப்பசிக்கு முந்தின ஐப்பசியில் ஒரு அம்மா வந்தது. தனக்கொடி என்று பேர். பாடாலூர்ப் பக்கம். நாற்பது வயசிருக்கும். இதே பெஞ்சில், நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான், முந்தானையில் மண்ணை முடிந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. பையில்கூட இல்லை. முந்தானையில்.

"இப்படிக் கொண்டுவந்தா எடுக்க மாட்டோம்மா. நாலு மூலையில, நடுவுல, அளவா எடுத்துக் கலந்து கொண்டு வரணும்" என்றேன்.

"எடுத்துத்தாங்க அண்ணே கலந்தேன். ஒம்பது எடத்துல எடுத்தேன். பைதான் கெடைக்கல" என்றது.

விஷயம் இதுதான். புருஷன் செத்து ஒன்றரை வருடம். ஒன்றரை ஏக்கர் பங்கு. புருஷனுடைய அண்ணன், அதாவது மூத்தார், தம்பி நிலத்தையும் சேர்த்து உழுதுகொண்டிருந்தார். இந்த அம்மா என் பங்கை நானே செய்கிறேன் என்று கேட்டது. கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த வருடம் ஆடியில் அவர் மக்காச்சோளம் போட்டார். களைக்கொல்லி அளவுக்கு மேல் அடித்தார். அப்புறம் படைப்புழு விழுந்து குருத்தையெல்லாம் தின்றுவிட்டது. புரட்டாசியில் சோளத்தை அப்படியே அழித்து உழுதுவிட்டு, ஊர்ப் பெரியவர்களை உட்கார வைத்து, "இந்தாங்க, பங்கு பங்குன்னு கேட்டாளே, செய்யட்டும். ஒரு போகம் எடுத்துக் காட்டட்டும். எடுத்துட்டா நெலம் அவ கையில. எடுக்கலைன்னா எங்கிட்டயே இருக்கட்டும், நான் அளக்குறதை வாங்கிக்கிட்டுக் கெடக்கட்டும்" என்றாராம். எல்லாரும் சரி என்றார்களாம். ஒரு போகம்தானே.

இந்த அம்மா சின்ன வெங்காயம் நட்டது.

"மொளைக்காம போயிருந்தாக்கூட வெதை சரியில்லன்னு சொல்லிக்கலாம் அண்ணே. மொளைச்சு வந்து சாவுதுங்க. பன்னெண்டாம் நாள்லேர்ந்து நுனி வெளுத்து, அப்படியே கீழ எறங்கி, படுத்துருது. எங்க மூத்தாரு வரப்புல நின்னு பார்த்துட்டு, பொம்பள வெவசாயம் இப்படித்தான் இருக்கும்னுட்டுப் போறாரு."

அட்ரசின், அதுதான் சோளத்துக்கு அடிக்கிற களைக்கொல்லி, அது அடித்த மண்ணில் உடனே வெங்காயம் வைத்தால் அப்படித்தான் ஆகும். சோளத்தை ஒன்றும் செய்யாது, வெங்காயத்தைக் கொன்றுவிடும். எனக்கே தெரியும். அந்த அம்மாவுக்கும் தெரிந்திருந்தது. ஆனால் பெரியவர்கள், ஆபீஸ் பேப்பர் இருந்தால் கொண்டு வா, மண்ணில் மருந்து இருந்தது என்று பேப்பர் சொன்னால் இன்னொரு போகம் தருகிறோம் என்றுவிட்டார்கள்.

கூடவே ஒரு களைக்கொல்லிப் பொட்டலமும் கொண்டுவந்திருந்தது. மூத்தாருடைய மோட்டார் கொட்டகையில் எடுத்ததாம். பாதி காலி, ரப்பர் பேண்டு போட்டு மடித்தது. "ரெண்டு முழுசா அடிச்சிருக்காரு, மூணாவதுல இது மிச்சம்."

"மண்ணு போதும்மா, பொட்டலம் வேண்டாம்."

"உங்ககிட்டயே இருக்கட்டும் அண்ணே. வீட்டுல வச்சா எடுத்துருவாங்க. சாட்சிக்கு."

வாங்கி ஜன்னல் விளிம்பில் வைத்தேன். கடைசியில் என் துணிப்பை ஒன்றைக் கொடுத்து மண்ணை அதில் போட்டு, நம்பர் எழுதி, கையெழுத்து வாங்கினேன். கோணல்மாணலாக, ஆனால் முழுப் பேரையும் எழுதியது. அந்த வாரம் வந்தவர்களில் நான் நின்று பேசி அனுப்பியது அந்த அம்மாவை மட்டும்தான். அதைச் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் பெரிய ஆபீஸிலிருந்து இன்ஸ்பெக்‌ஷன் வருகிறது என்றார்கள். மழைக்காலம். கட்டடத்தைச் சுற்றி முழங்கால் உயரம் புல். ஜெனரேட்டர் கொட்டகைப் பக்கம் நானே ஒரு கட்டுவிரியனைப் பார்த்தேன். தோட்ட வேலை பார்க்கிற நல்லமுத்துவிடம் புல்லை எடுக்கச் சொன்னால், "ஒத்தை ஆளு அண்ணே, ஒரு மாசமாகும்" என்றான். ஜன்னலில் அந்தப் பொட்டலம் கிடந்தது. "இதைக் கரைச்சு அடிடா, சும்மாதானே கெடக்குது" என்று கொடுத்தேன்.

ஆமாம், நான்தான் கொடுத்தேன். நான் மறைக்கவில்லையே. பாதையோரம் மட்டும் அடி என்று சொல்லித்தான் கொடுத்தேன். புங்கமரத்துப் பக்கம் போகாதே என்று சொன்னேனா? சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். நல்லமுத்து இல்லவே இல்லை என்கிறான். அவன் குடிக்கிறவன், அவன் ஞாபகத்தை என்ன நம்புவது. நான் சொல்லியிருப்பேன். சொல்லாமல் இருக்கிற ஆள் இல்லை நான்.

கார்த்திகையில் பிளாங்க் மண் தீர்ந்துவிட்டது. வாளியும் கரண்டியும் எடுத்துக்கொண்டு போனேன். புங்கமரத்தடியில் புல் மஞ்சளாக இருந்தது. ஊரெல்லாம் பச்சையாக இருக்கிறது, அங்கே மட்டும் ஓரம் கருகினாற்போல மஞ்சள். நிழலில் வெயில் படாததால் இருக்கும் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் தம்பி. வேறு ஏதாவது நினைத்தேனா என்று ஒன்றரை வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். தெரிந்து எடுத்தாயா என்றால், இல்லை. தெரியாமல் எடுத்தாயா என்றால், அதற்கும் சட்டென்று ஆமாம் வரமாட்டேன் என்கிறது. வாளி நிறைய எடுத்தேன். வழக்கமாக எடுக்கிற இடம்.

தனக்கொடி மண்ணும் பிளாங்க்கும் ஒரே நாளில் போட்டேன். மூன்று மூன்று தடவை மெத்தனால். என் வேலையில் குறை கிடையாது. இரண்டு சொட்டையும் ராகினி மேடத்திடம் கொடுத்தேன். மேடம் அப்போதுதான் புதிதாக வந்திருந்தார். டாக்டர் பட்டம் வாங்கினவர், முப்பத்திரண்டு வயசு. கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டார்.

"சவரிராஜ் சார், பிளாங்க்ல ஏதோ நிக்குதே. பெருசா நிக்குது. மண்ணு எங்க எடுத்தீங்க?"

"வழக்கமா எடுக்குற இடம்தான் மேடம்."

"அட்ரசின் வர்ற எடத்துலயே நிக்குது சார். வேற மண்ணு எடுத்து நாளைக்கு இன்னொரு தடவை போட்டுரலாமா?"

எனக்குச் சுருக்கென்றது. வந்து இரண்டு மாதம் ஆகவில்லை. "புது கேன் மெத்தனால் மேடம். அதுல எப்பவும் இப்படி ஒண்ணு நிக்கும். அதைக் கழிக்கத்தானே பிளாங்க். இருபத்தஞ்சு வருஷமா இப்படித்தான் கழிக்கிறோம். திங்கக்கெழமை இன்ஸ்பெக்‌ஷன், நாப்பது சாம்பிள் கெடக்குது. நீங்க சொன்னா இன்னொரு தடவை போடுறேன், எனக்கென்ன."

கடைசி வார்த்தையை எப்படிச் சொல்ல வேண்டுமோ அப்படிச் சொன்னேன். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இல்ல சார், உங்களுக்குத் தெரியாததா" என்று கழித்துவிட்டார். கழித்தால் ஒன்றும் மிஞ்சவில்லை. கண்டறியப்படவில்லை என்று ரிப்போர்ட் போயிற்று.

நீங்களே சொல்லுங்கள். டாக்டர் பட்டம் வாங்கினவர் அவர். நான் பத்தாம் வகுப்பு. நான் ஒன்று சொன்னேன் என்பதற்காகக் கழித்துவிடுவதா? சந்தேகம் இருந்தால் பிடிவாதமாக நிற்க வேண்டாமா? நான் குறை சொல்லவில்லை. குறை சொல்கிற ஆள் இல்லை நான். ஆனால் யோசிக்க வேண்டிய விஷயம்.

ரிப்போர்ட்டை அந்த அம்மா கையில் நான்தான் கொடுத்தேன். மூத்த பொண்ணு கூட வந்திருந்தது, ஒன்பதாவது படிக்கிறதாம். அது படித்துவிட்டு, "ஒண்ணும் இல்லைன்னு போட்டிருக்கும்மா" என்றது.

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே."

"சரியாப் பாத்தீங்களா அண்ணே?" என்று என்னைக் கேட்டது.

"மூணு தடவை பாத்தோம்மா" என்றேன். மூன்று தடவை மெத்தனால் ஊற்றியதைத்தான் சொன்னேன். பொய் இல்லை.

மார்கழியில் ஒரு கரும்புத் தோட்டத்து மண் வந்தது. களைக்கொல்லியே தொடாத ஆள், இயற்கை விவசாயமாம், சர்டிபிகேட்டுக்காகக் கொண்டுவந்தார். மேடம் கழித்துப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே கூப்பிட்டார். "இங்க வாங்க சார். இந்த மண்ணுல இல்லாததுக்கும் கீழ வந்திருக்கு. மைனஸ்ல மருந்து இருக்குமா சார்?" நானும் சிரித்தேன். பிறகு அவர் சிரிப்பை நிறுத்தினார். திரையையே பார்த்தார். எழுந்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு எங்கேயோ போய், யாரும் எதுவும் வெட்டாத ஒரு கோயில் காட்டிலிருந்து ஒரு டப்பா மண்ணோடு வந்தார். சாம்பிள்களை ஆறு மாதம் ஃப்ரீசரில் வைத்திருப்போம். தனக்கொடி மண்ணை எடுத்துக் கொடுத்து, "இது ரெண்டையும் போடுங்க சார்" என்றார். போட்டேன். ஒழுங்காகத்தான் போட்டேன். அன்றைக்கு நினைத்திருந்தால் பிரிபுனலைக் கைதவற விட்டிருக்கலாம், கண்ணாடி வழுக்கத்தானே செய்யும். விடவில்லை. அதுவும் என் கணக்கில் உண்டு.

கோயில் காட்டு மண்ணில் கோடு தரையோடு ஓடியது. தனக்கொடி மண்ணில் கோபுரம் திரையைத் தாண்டிப் போயிற்று.

மேடம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அந்தம்மாவுக்குத் திருத்தின ரிப்போர்ட் அனுப்பணும் சார். காரணம் போடாம சீல் விழாது. பிளாங்க் மண்ணு எங்க எடுத்தீங்க, எப்போ எடுத்தீங்க, அங்க யாரு என்ன அடிச்சா. ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. கழிச்சது நான்னு நான் எழுதுறேன். உங்க மேல எதுவும் வராம நான் பாத்துக்கறேன்."

ஒரு பக்கம்.

எழுத மாட்டேன் என்று நான் சொல்லவே இல்லை. நாளைக்கு எழுதுகிறேன் என்றேன். வீட்டில் உட்கார்ந்து எழுதவும் செய்தேன். தவிர்க்க இயலாத காரணத்தால் என்று ஆரம்பித்தேன். தோட்டப் பணியாளரின் கவனக்குறைவால் என்று ஆரம்பித்தேன். எப்படி ஆரம்பித்தாலும் நாலாவது வரியில் அந்தப் பொட்டலம் வந்து நிற்கிறது. அந்தப் பொட்டலம் யாருடையது, எப்படி இங்கே வந்தது, யார் எடுத்துக் கொடுத்தது. சாட்சிக்கு என்று கொடுத்துவிட்டுப் போனதைக் கரைத்து அடித்தேன் என்று எப்படி எழுதுவது? என் வீட்டுக்காரி, "எதுக்கு இத்தனை பேப்பரைக் கிழிக்கிறீங்க" என்றாள். லீவு லெட்டர் என்றேன்.

மேடம் தினமும் கேட்கவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை கேட்டார். பொங்கல் வந்தது. பொங்கலுக்கு அப்புறம் அந்த அம்மா ஊர்ப் பெரியவர்கள் கூட்டம் போட்டிருக்கிறார்கள். நமக்கெப்படித் தெரியும், எந்தத் தேதியில் கூட்டம் என்று? யாராவது சொன்னார்களா? பங்குனியில் மேடத்துக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல். சாவியை ஒப்படைக்கிற அன்றைக்கும், "சார், அந்த ஒரு பக்கம்" என்றார்.

"எழுதி போன வாரமே உங்க டேபிள்ல வச்சேனே மேடம். பாக்கலையா?" என்றேன்.

"அப்படியா சார்" என்றார். போய்விட்டார். போகும்போது ஒப்படைப்புக் குறிப்பில் ஒரே ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: சாம்பிள் பிரித்தெடுக்கும் பணியிலிருந்து சவரிராஜை விடுவிக்கலாம். இருபத்தாறு வருடத்துக்கு ஒரு வரி. அதனால்தான் ஸ்டோர். பாருங்கள் தம்பி, அந்த அம்மாவுக்காக அவ்வளவு துடித்தவர், என் ஒரு பக்கம் இல்லாமலே ஒரு கடிதம் போட்டிருக்கலாமில்லையா? முகவரி ரிஜிஸ்டரில் இருந்தது. போடவில்லை. சட்டம். படித்தவர்களுக்குச் சட்டம்தான் முக்கியம்.

வைகாசியில் ஆறு மாதம் முடிந்த சாம்பிளை எல்லாம் கொட்டச் சொன்னார்கள். ஸ்டோர் ஆள்தானே கொட்ட வேண்டும். கொட்டினேன். என் துணிப்பையை மட்டும் உதறி வைத்துக்கொண்டேன்.

போன மாதம் பாடாலூர் பஸ் நிறுத்தத்தில் அந்த அம்மாவைப் பார்த்தேன். நான் கண்டுகொள்ளவில்லை, அதுதான் என்னைக் கண்டுபிடித்து வந்தது. கையெல்லாம் வெங்காயத் தோல் வாசனை. மண்டியில் வெங்காயத் தாள் அறுக்கிற கூலி வேலை.

"நல்லாருக்கீங்களா அண்ணே? தெரியுதா, முந்தானையில மண்ணு கொண்டாந்தேனே."

தெரிகிறது என்றேன். நிலம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"மூத்தாருகிட்டதான் இருக்கு. மறுபடி சோளம் போட்டுருக்காரு, நல்லா வந்திருக்கு. நான்கூட அவரு மேல வீணா சந்தேகப்பட்டுட்டேன் அண்ணே. விஷத்தை வச்சுக் குடுத்துட்டாருன்னு ஊரெல்லாம் சொன்னேன். பாவம். அப்புறம் போயி அவரு கால்ல விழுந்தேன். மண்ணுல ஒண்ணும் இல்லைன்னு நீங்களே மூணு தடவை பாத்துச் சொல்லிட்டீங்க. அப்ப வேற எங்க இருக்கும்? என் கையிலதான்."

"கையில என்னம்மா இருக்கும்" என்றேன்.

"இருக்கு அண்ணே. ஒரு சிலரு கை அப்படி. இப்ப நான் எதையும் ஊனுறதில்ல. வாசல்ல எம் பொண்ணு கத்திரி வச்சிருக்கா. நல்லாக் காய்க்குது. அதுக்குத் தண்ணிகூட நான் ஊத்த மாட்டேன், அவளையே ஊத்தச் சொல்லிருவேன். பறிக்க மட்டும் பறிப்பேன்."

அதைச் சிரித்துக்கொண்டே சொன்னது. அப்புறம், "அன்னிக்கு அந்த ஆபீஸ்ல நீங்க ஒருத்தருதான் நின்னு பேசுனீங்க, அதை மறக்க மாட்டேன்" என்றது.

என்ன கேட்கிறீர்கள்? சொன்னேனா என்றா?

சொல்ல வாயெடுத்தேன் தம்பி. வாயெடுத்தேன், பஸ் வந்துவிட்டது. அந்த அம்மா போகிற பஸ். ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தது. நான் கீழே நின்றேன்.

டிரைவர் டீ குடிக்க இறங்கினார். பஸ் பத்து நிமிடம் நின்றது.